நட்சத்திரத்துக்கு நட்சத்திரம்: சமமான இருவரை மாற்றிக்கொள்ள முன்மொழிவது எப்படி

மேஜர் லீக் பேஸ்பாலில் வயதான வீரரைக் கொடுத்துவிட்டு இரண்டு இளைஞர்களை வாங்கும் டிரேடில் சிக்கல் குறைவு. ஒரு கிளப் இந்த வருடமே ஜெயிக்கப் பார்க்கிறது, மற்றது மூன்று வருடம் கழித்து ஜெயிக்கப் பார்க்கிறது. இருவருக்கும் தேவை வேறு என்பது பேச்சைத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். ஒரே தரத்தில் நிற்கும் இரண்டு நட்சத்திரங்களை நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்லும்போது நிலைமை அப்படி இல்லை. போனின் மறுமுனையில் இருக்கும் ஜெனரல் மேனேஜர் மனதில் உடனே ஒரு கேள்வி எழும்: “உங்கள் ஆள் அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்றால் ஏன் தர நினைக்கிறீர்கள்?”

அதற்குப் பதில் கையில் இல்லாமல் போனைத் தொடாதீர்கள். “இருவரும் சமம்தானே” என்பது பதில் ஆகாது. சமமாக இருந்தால் அவரவர் ஆளை அவரவரே வைத்துக்கொண்டு போகலாம். வீடு மாற்றும் செலவு இல்லை, ரசிகர்களின் கோபம் இல்லை, பத்திரிகைக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. மொத்த மதிப்பில் இருவரும் நெருங்கி இருக்க வேண்டும். அந்த மதிப்பு எதனால் ஆனது என்பதில் விலகி இருக்க வேண்டும். அந்த விலகல்தான் உங்கள் முன்மொழிவின் உயிர். இந்த அத்தியாயம் முழுவதும் அதைக் கண்டுபிடித்து எழுதுவது பற்றித்தான்.

வார் என்ற கணக்கை எல்லோரும் கையில் வைத்திருக்கிறார்கள். சுலபமாகக் கிடைக்கக்கூடிய மாற்று வீரர் ஒருவரைவிட இவரால் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகக் கிடைத்தது என்று சொல்லும் எண் அது. இருவரும் ஒரே படியில் இருக்கிறார்களா என்று பார்க்க அது உதவும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். பேஸ்பால் ரெஃபரன்ஸ் ஒரு விதமாகக் கணக்கிடுகிறது, ஃபேன்கிராஃப்ஸ் இன்னொரு விதமாகக் கணக்கிடுகிறது. அரை வெற்றி வித்தியாசத்தைக் காட்டி “எங்கள் ஆள்தான் மேல்” என்று வாதாடத் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எண்ணை மூடி வைத்துவிட்டு அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: மட்டையிலிருந்தா, கையுறையிலிருந்தா, ஓட்டத்திலிருந்தா? எந்த மைதானத்தில் வந்தது?

மைதானம் என்றதும் பேஸ்பால் உலகில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1940களின் பிற்பகுதியில் ஒரு இரவு, நியூயார்க் யாங்கீஸ் உரிமையாளர்களில் ஒருவரான டான் டாப்பிங்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் உரிமையாளர் டாம் யாக்கியும் மது அருந்திக்கொண்டே ஜோ டிமாஜியோவையும் டெட் வில்லியம்ஸையும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்களாம். விடிந்ததும் யாக்கி கூடுதலாக யோகி பெர்ராவையும் கேட்க, பேச்சு முறிந்ததாம். இதில் எவ்வளவு உண்மையோ, யோசனை மட்டும் அபாரமானது. வில்லியம்ஸ் இடக்கை ஆட்டக்காரர். யாங்கி ஸ்டேடியத்தின் வலது ஓரத்தில் வேலி வெறும் 296 அடியில் இருந்தது. டிமாஜியோ வலக்கைக்காரர், அதே ஸ்டேடியத்தின் இடது நடுப்பகுதி 457 அடி வரை விரிந்து, அவர் அடித்த எத்தனையோ பந்துகளை விழுங்கியது. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கிலோ இடது பக்கச் சுவர் 37 அடி உயரம் என்றாலும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஆளுக்கு ஏற்ற மைதானம் எதிரியின் ஊரில் இருந்தது. நீங்கள் தேட வேண்டியது இந்த மாதிரிப் பொருத்தத்தைத்தான்.

பொருத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு பாபி மர்சர் உதாரணம். யாங்கீஸின் இடக்கை நட்சத்திரமான அவர் 1973இல் 22 ஹோம் ரன் அடித்தார். அடுத்த வருடம் யாங்கி ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காக அணி ஷே ஸ்டேடியத்துக்கு இடம் மாறியது. மர்சரின் ஹோம் ரன்கள் 10 ஆகச் சுருங்கின. 1974 அக்டோபரில் அவரைச் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்குக் கொடுத்து பாபி பாண்ட்ஸை வாங்கினார்கள். ஒன்றுக்கு ஒன்று, கூட எதுவும் இல்லை. பாண்ட்ஸ் 1975இல் 32 ஹோம் ரன் அடித்து 30 பேஸ் திருடினார். காற்று வீசும் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் மர்சர் 11 ஹோம் ரன்னோடு நின்றார். ஜயண்ட்ஸ் தரப்பில் யாராவது அவர் அடித்த பந்துகளைத் தங்கள் மைதானத்தின் வரைபடத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இதை எதிர்பார்த்திருக்க முடியும். வாங்கப்போகும் வீரருக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். இன்று அதற்கான தரவு இணையத்திலேயே கிடைக்கிறது.

சரியாகச் செய்த முன்மொழிவு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது ஆஸி ஸ்மித், கேரி டெம்பிள்டன் டிரேடை. இருவரும் ஷார்ட்ஸ்டாப். டெம்பிள்டன் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில், ஸ்மித் சான் டியாகோ பாட்ரேஸில். 1979இல் டெம்பிள்டன் இரு பக்கமும் நின்று ஆடி, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் நூறு ஹிட் அடித்தார்; ஒரே சீசனில் அதைச் செய்த முதல் ஆள் அவர். ஸ்மித்தின் மட்டை 1981இல் .222 என்ற சராசரியைத்தான் தந்தது. ஆனால் அவர் தடுக்கும் பந்துகளை வேறு யாரும் தடுப்பதில்லை. அப்போது ஹிட் கண்ணில் பட்டது, தடுப்பு அவ்வளவாகப் படவில்லை. பலருக்கும் இருவரும் சமமாகத் தெரியவில்லை. டெம்பிள்டன்தான் பெரிய நட்சத்திரம் என்றார்கள்.

கார்டினல்ஸின் மேனேஜராகவும் ஜெனரல் மேனேஜராகவும் இருந்த வைட்டி ஹெர்சாக் வேறு விதமாகப் பார்த்தார். அவருடைய புஷ் ஸ்டேடியம் பெரியது, தரை செயற்கைப் புல். பந்து அதில் பட்டால் சீறிப் பாயும். அங்கே ஹோம் ரன் அடிப்பவரைவிட உள்வட்டத்தில் பந்தை நிறுத்துபவருக்கு விலை அதிகம். அதே செயற்கைப் புல் டெம்பிள்டனின் முழங்காலை வதைத்தது. 1981 ஆகஸ்டில் சொந்த ரசிகர்கள் கேலி செய்ய, அவர் ஆபாசமாகச் சைகை காட்டினார். ஹெர்சாக் அவரைப் பிடித்து டக்அவுட்டுக்குள் இழுத்தார். பிறகு டெம்பிள்டன் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றார். அந்த ஊரில் அவர் தொடர்வது யாருக்கும் நல்லதாக இல்லை. சான் டியாகோவில் இயற்கைப் புல், புதிய ரசிகர்கள்.

மறுபக்கம், பாட்ரேஸுக்கும் ஸ்மித்துக்கும் சம்பளத் தகராறு முற்றியிருந்தது. கூடுதல் வருமானத்துக்குப் பகுதிநேர வேலை தேவை என்று ஸ்மித்தின் ஏஜென்ட் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். கிளப் உரிமையாளரின் மனைவி ஜோன் க்ராக் தோட்டக்காரருக்கு உதவியாளர் வேலை தருவதாகப் பதில் சொன்னார். உறவு அந்த அளவுக்குக் கெட்டிருந்தது. அணிக்கு வேண்டியதோ அடிக்கும் மட்டை. பாட்ரேஸின் ஜாக் மெக்கீனும் ஹெர்சாக்கும் 1981 டிசம்பர் குளிர்காலக் கூட்டத்தில் பேசி முடித்தார்கள். கூட இரண்டு பக்கமும் வேறு சில வீரர்கள் சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. தன் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்ற விதி ஸ்மித்தின் ஒப்பந்தத்தில் இருந்தது. ஹெர்சாக் ஆள் அனுப்பவில்லை, தானே சான் டியாகோவுக்குப் போனார். நீங்கள் வந்தால் நாங்கள் சாம்பியன் ஆக முடியும் என்று ஸ்மித்திடம் நேரில் சொன்னார். 1982 பிப்ரவரியில் ஸ்மித் ஒப்புக்கொண்டார். அந்த வருடமே கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. அந்த சீசனில் ஸ்மித்தின் சராசரி .248, டெம்பிள்டனுடையது .247. மட்டையில் இருந்த பெரிய இடைவெளி காணாமல் போயிருந்தது. தடுப்பில் இருந்தது அப்படியே நின்றது: ஸ்மித் 1980 முதல் 1992 வரை தொடர்ந்து 13 கோல்டு கிளவ் வாங்கினார். டெம்பிள்டன் சான் டியாகோவில் பத்து சீசன் தங்கி, 1984இல் உலகத் தொடர் வரை போன அணியில் ஆடினார். ஆதாயம் இரு பக்கமும் ஒரே அளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேசிய அன்று இரு தரப்புக்கும் நியாயமான காரணம் இருந்தது. முன்மொழிபவர் பொறுப்பேற்க முடிவது அதற்குத்தான்.

இதற்கு நேர்மாறானது கிளீவ்லாந்தில் நடந்தது. 1959இல் ராக்கி கொலவிட்டோ 42 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீகின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். டெட்ராய்ட்டின் ஹார்வி குயென் .353 சராசரியோடு அதே லீகின் பேட்டிங் பட்டம் வென்றார். ஒருவர் ஹோம் ரன் ராஜா, ஒருவர் ஹிட் ராஜா. காகிதத்தில் இதைவிட அழகான சமநிலை கிடைக்காது. கிளீவ்லாந்து ஜெனரல் மேனேஜர் ஃபிராங்க் லேன் 1960 ஏப்ரல் 17 அன்று, சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, கொலவிட்டோவைக் கொடுத்துக் குயென்னை வாங்கினார். பயிற்சி ஆட்டம் ஒன்றில் முதல் பேஸில் நின்றுகொண்டிருந்த கொலவிட்டோவிடம் மேனேஜர் ஜோ கார்டன் நடந்து வந்து சொன்னார். தான் இனி இந்த அணியில் இல்லை என்பதை அந்த நகரத்தின் செல்லப்பிள்ளை தெரிந்துகொண்டது அப்படித்தான்.

லேன் கவனிக்காத எண், வயது. கொலவிட்டோவுக்கு 26, குயென்னுக்கு 29. குயென் 1960இல் .308 அடித்தார், அது மோசம் இல்லை. ஆனால் ஒரே சீசனில் அவரையும் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். கொலவிட்டோ 1961இல் டெட்ராய்ட்டுக்காக 45 ஹோம் ரன் அடித்தார். கிளீவ்லாந்து மைதானத்துக்கு 1959இல் ஏறக்குறைய 15 லட்சம் பேர் வந்தார்கள், அடுத்த வருடம் ஒன்பதரை லட்சம். அத்தனை பேரும் இந்த ஒரு டிரேடுக்காகவே வராமல் போனார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோபம் உண்மையானது, பல ஆண்டு நீடித்தது. 1965இல் கொலவிட்டோவைத் திரும்பக் கொண்டுவர கிளீவ்லாந்து கொடுத்தவர்களில் டாமி ஜானும் டாமி ஏஜியும் உண்டு. ஜான் தன் ஆட்ட வாழ்வில் மொத்தம் 288 ஆட்டங்களை வென்றார். ஏஜி அடுத்த வருடமே சிறந்த புதுமுகம் ஆனார். ஒரு டிரேடின் காயத்தை ஆற்ற இன்னொரு டிரேடில் கொடுத்த விலை அது. உங்கள் நட்சத்திரம் அந்த ஊரின் அடையாளமாக இருந்தால், அதற்கும் ஒரு விலை போட்டுத்தான் முன்மொழிவை எழுத வேண்டும்.

இனி பணம். இரண்டு வீரர்களின் ஆட்டம் சமமாக இருக்கலாம். ஒப்பந்தங்கள் சமமாக இருப்பது அபூர்வம். 2013 நவம்பரில் டெட்ராய்ட் டைகர்ஸ் பிரின்ஸ் ஃபீல்டரைக் கொடுத்து டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடமிருந்து இயன் கின்ஸ்லரை வாங்கியது. ஃபீல்டருக்கு இன்னும் 7 வருடம், 16.8 கோடி டாலர் பாக்கி. கின்ஸ்லருக்கு 4 வருடம், 6.2 கோடி. நேருக்கு நேர் மாற்றினால் டெக்சாஸ் தலையில் பத்து கோடிக்கு மேல் கூடுதலாக விழும். டெட்ராய்ட் 3 கோடி டாலர் ரொக்கம் சேர்த்துக் கொடுத்தது. இப்போது காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள்: ஃபீல்டருக்காக டெக்சாஸ் கையிலிருந்து போவது 13.8 கோடி, வருடத்துக்குச் சுமார் 1.97 கோடி. கின்ஸ்லருக்காக டெட்ராய்ட் தருவது வருடத்துக்கு 1.55 கோடி. மொத்தத்தில் டெட்ராய்ட்டுக்கு மிச்சம் 7.6 கோடி.

ஆட்டத்தின் பக்கமும் பொருத்தம் இருந்தது. ஃபீல்டர் போனால் மிகேல் கப்ரேரா மூன்றாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்குத் திரும்பலாம். கின்ஸ்லர் போனால் டெக்சாஸில் காத்திருந்த இளைஞர் ஜூரிக்சன் ப்ரோஃபாருக்கு இரண்டாம் பேஸ் கிடைக்கும். இரண்டு கிளப்பிலும் ஆளுக்கு ஒரு கதவு திறந்தது. பிறகு நடந்தது டெக்சாஸுக்குக் கொடுமையானது. கழுத்துக் காயத்தால் ஃபீல்டர் 2014இல் 42 ஆட்டம் மட்டுமே ஆடினார், 2016இல் 32 வயதில் ஆட்டத்தையே விட வேண்டி வந்தது. நீண்ட ஒப்பந்தத்தை வாங்குபவர் அந்த ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறார். நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தால் ரொக்கம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கொடுக்கும் பக்கம் இருந்தால், எவ்வளவு வரை போகலாம் என்பதை உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருட சர்வீஸ் முடியாத வீரர்கள் என்றால் பணத்தைவிட வருடக் கணக்கு முக்கியம். 2023 ஜனவரியில் மினசோட்டா ட்வின்ஸ் பேட்டிங் சாம்பியன் லூயிஸ் அராயஸை மயாமி மார்லின்ஸுக்குக் கொடுத்து பிட்சர் பாப்லோ லோபஸை வாங்கியது. அராயஸ் கிளப்பின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டு ஃப்ரீ ஏஜென்ட் ஆக மூன்று சீசன் இருந்தது, லோபஸுக்கு இரண்டுதான். அந்த ஒரு வருட வித்தியாசத்தைச் சரிக்கட்ட மயாமி இரண்டு இளம் வீரர்களையும் சேர்த்துக் கொடுத்தது. அராயஸ் மயாமியில் .354 அடித்து மறுபடி பட்டம் வென்றார். லோபஸ் அந்த அக்டோபரில், ப்ளேஆஃபில் தொடர்ந்து 18 ஆட்டம் தோற்றிருந்த மினசோட்டாவுக்கு முதல் வெற்றியைத் தொடங்கி வைத்தார். மயாமியும் ப்ளேஆஃபுக்குப் போனது. ஒருவருக்கு மட்டை மிஞ்சி பிட்சிங் குறைவு, இன்னொருவருக்குப் பிட்சிங் மிஞ்சி மட்டை குறைவு. சமீப காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த டிரேடு இதுதான்.

முன்மொழிவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். முதல் பத்தி முழுக்க அவர்களைப் பற்றி இருக்கட்டும்: அவர்கள் மைதானம், அவர்களுக்கு இல்லாத ஆட்டக்காரர், உங்கள் ஆள் வந்தால் அவர்களிடம் இருக்கும் யார் எந்த இடத்துக்கு நகர்வார். உங்கள் தேவை இரண்டாவது பத்தி. மூன்றாவது பணமும் வருடமும், எண்களோடு. எழுதி முடித்ததும் ஒரு சோதனை: இந்த டிரேடு நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, எதிர் கிளப் தன் ரசிகர்களுக்கு வெளியிடும் அறிக்கையை நீங்களே எழுதிப் பாருங்கள். நேர்மையாக நாலு வரி வரவில்லை என்றால் முன்மொழிவு இன்னும் தயாராகவில்லை.

காகிதம் போவதற்கு முன் போன் போகும். “உங்கள் ஷார்ட்ஸ்டாப்பைத் தருவீர்களா?” என்று கேட்டால் “தர மாட்டோம்” என்ற ஒரே பதில்தான் வரும். “எங்கள் ஷார்ட்ஸ்டாப்பைப் பற்றி யாராவது பேச வந்தால் கேட்கத் தயாராக இருக்கிறோம், உங்கள் தரப்பில் எப்படி?” என்று தொடங்கினால் அவரும் ஒரு அடி முன்னால் வைப்பார். இன்னொரு கிளப்பின் வீரரிடமோ அவருடைய ஏஜென்டிடமோ அனுமதி இல்லாமல் பேசுவது விதிமீறல். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீரரின் உரிமையை முதலிலேயே சரிபாருங்கள். லீகில் பத்து வருடமும் அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே கிளப்பிலும் ஆடியவர் எந்த டிரேடையும் மறுக்கலாம். 1973 டிசம்பரில் சிகாகோ கப்ஸின் ரான் சாண்டோ கலிபோர்னியாவுக்குப் போக மறுத்து அந்த உரிமையை முதன்முதலாகப் பயன்படுத்தினார். வீரர்களின் சங்கமும் குறுக்கே வரலாம்: 2003 டிசம்பரில் அலெக்ஸ் ராட்ரிகஸும் மேனி ராமிரெஸும் இடம் மாற இருந்தார்கள், ராட்ரிகஸ் தன் ஒப்பந்தத்தைப் பெரிய அளவில் குறைத்துக்கொள்ளவும் தயாராக இருந்தார். அந்தக் குறைப்பைச் சங்கம் ஏற்கவில்லை, டிரேடும் நடக்கவில்லை.

மருத்துவ அறிக்கை கைக்கு வந்து உங்கள் டாக்டர்கள் பார்த்து முடிக்கும்வரை எதுவும் முடிந்ததாக நினைக்காதீர்கள். உங்கள் பக்கத்து அறிக்கையில் எதையும் மறைக்காதீர்கள்; 2016இல் அப்படி முழுமையற்ற தகவல் கொடுத்ததற்காக சான் டியாகோ ஜெனரல் மேனேஜர் ஏ.ஜே. ப்ரெல்லரை லீக் 30 நாள் சஸ்பெண்ட் செய்தது. 2015 ஜூலை 29 அன்று நியூயார்க் மெட்ஸின் வில்மர் ஃப்ளோரஸ் ஆட்டத்தின் நடுவே, தான் மில்வாக்கிக்கு மாற்றப்பட்டதாகக் கேள்விப்பட்டு களத்தில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரசிகர்கள் போனில் பார்த்த செய்தி அவர் காதுக்கு வந்திருந்தது. உண்மையில் டிரேடு முடிந்திருக்கவில்லை. மில்வாக்கியிலிருந்து வரவிருந்த கார்லோஸ் கோமஸின் இடுப்பு பற்றிய சந்தேகத்தால் மெட்ஸ் விலகியது. அலுவலகத்தில் எத்தனை பேருக்கு இந்தப் பேச்சு தெரியும் என்று ஒரு பட்டியல் வையுங்கள், அதை வளர விடாதீர்கள். முடிந்த நிமிடமே, செய்தி வெளியாகும் முன், வீரரை நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த வேலையை உதவியாளரிடம் தள்ளாதீர்கள்.

ஒன்றுக்கு ஒன்று நகரவில்லை என்றால் பேச்சை விரியுங்கள். 1990 டிசம்பரில் டொராண்டோவின் பாட் கில்லிக்கும் சான் டியாகோவின் ஜோ மெக்கில்வெய்னும் ஃபிரெட் மெக்ரிஃப், ஜோ கார்ட்டர் என்ற இரண்டு பெயர்களில் தொடங்கி, டோனி ஃபெர்னாண்டஸையும் ராபர்டோ அலோமரையும் சேர்த்து நான்கு நட்சத்திரங்களாக முடித்தார்கள். டொராண்டோ 1992, 1993 இரண்டு வருடமும் உலகத் தொடரை வென்றது. 1993இன் கடைசிப் பந்தில் ஹோம் ரன் அடித்தவர் கார்ட்டர். மெக்ரிஃபும் ஏமாற்றவில்லை, 1992இல் 35 ஹோம் ரன்னோடு நேஷனல் லீகில் முதலிடம். விரிக்கும்போது இரு பக்கமும் ஒரே எடையுள்ள பெயரைச் சேருங்கள். சம்மதம் வந்த மறுநாள் காலை நீங்கள் மட்டும் இன்னொரு ஆளைக் கேட்பது வேறு விஷயம். அதோடு உங்கள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும்.

முன்மொழிவின் கடைசி வரியில் ஒரு தேதி போடுங்கள். குளிர்காலக் கூட்டம் முடியும் நாள் என்றோ, ஜூலைக் கடைசியை ஒட்டிய டிரேடு கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு என்றோ இருக்கட்டும். அதற்குள் பதில் இல்லை என்றால் எழுத்தில் விலக்கிக்கொண்டு, உங்கள் வீரர் விஷயத்தில் வேறு யாரிடமெல்லாம் பேசினீர்களோ அவர்களுக்கும் அதைத் தெரியப்படுத்துங்கள்.